படைவீரர் குடும்பங்களுக்கான ஆலோசகர் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

நதிமூலம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. மனநல ஆலோசகர்களுக்கு நான்கு நாள் பயிற்சி ஒன்றை வடிவமைக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வரப்போகிறவர்கள் எல்லாருமே முறையாகப் படித்து, சில வருடம் வேலை பார்த்தவர்கள்தான். மனச்சோர்வு, பதற்றம், கணவன் மனைவி பிரச்சினை என்று எல்லாம் கையாண்டிருக்கிறார்கள். ஆனால் படையில் இருப்பவரோ, ஓய்வுபெற்று வந்தவரோ, அவர்கள் வீட்டாரோ எதிரில் வந்து உட்கார்ந்தால் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதில் பழக்கமில்லை.

இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் வரைவு இது. முதல் நாள் முழுக்க வரலாறும் நோயறிதலும். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' (போர்முனை வீரர்களுக்கு வந்த மனப் பாதிப்பு) பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதியதில் தொடங்கி, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பிடிஎஸ்டி (கொடூர அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மன உளைச்சல் நோய்) தனி நோயாக இடம்பிடித்தது, 2013 பதிப்பில் அதைப் பதற்ற நோய்களின் வரிசையிலிருந்து எடுத்து வேறு பிரிவில் வைத்தது வரை. இரண்டாம் நாள் சிகிச்சை முறைகள். மூன்றாம் நாள் தற்கொலை அபாயமும் குடிப்பழக்கமும். நான்காம் நாள் காலை தூக்கம், தலைக்காயம், நாள்பட்ட வலி. பிற்பகல் குடும்பம்.

எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்? தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

சிக்னல்காரர்

படையில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவன் நான். இப்போது ஓய்வு. தாட்சண்யம் வேண்டாம் என்றீர்கள், அதனால் சொல்கிறேன்: உங்கள் முதல் நாளில் முக்கால்வாசியை எடுத்துவிடலாம். 1915-இல் யார் என்ன எழுதினார் என்று தெரியாததால் எந்த ஆலோசகரும் ஆளை இழப்பதில்லை. முதல் பத்து நிமிடத்தில்தான் இழக்கிறார்.

ஓய்வுபெற்ற புதிதில் தூக்கமே வராமல் ஓர் ஆலோசகரிடம் போனேன். நல்ல மனிதர்தான். உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, "சண்டையில் யாரையாவது சுட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்திருந்தவன். யாரையும் சுட்டதில்லை. ஆனால் உதவி கேட்டுக் கூப்பிட்ட குரல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோவதைக் கேட்டிருக்கிறேன். "இல்லை" என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சரி, அப்படியானால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார் போல. அடுத்த முறை நான் போகவில்லை.

ஆக, முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பது. லாரி ஓட்டியவர், அடிபட்டவர்களைத் தூக்கிவந்தவர், உடல்களை அடையாளம் கண்டு பொதிந்து அனுப்பியவர், ஆயிரம் மைல் தள்ளி அறைக்குள் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "உங்கள் வேலை என்ன? வழக்கமான ஒரு நாள் எப்படிப் போகும்?" இந்த இரண்டு கேள்வி போதும். மீதியை நாங்களே சொல்லிவிடுவோம்.

இன்னொன்று, பதிவுப் படிவம். "நீங்கள் முன்னாள் படைவீரரா?" என்று கேட்டால் பலர் இல்லை என்று எழுதிவிடுவார்கள். போர் பார்க்காதவர், சீக்கிரம் வெளியேறியவர், பணியாற்றிய பெண்கள் எல்லாம் அந்தப் பெயர் தங்களுக்கு உரியதில்லை என்று நினைப்பதுண்டு. "நீங்களோ வீட்டில் யாராவதோ எப்போதாவது படையில் பணியாற்றியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

முல்லைக்கொடி

குடும்பத்துக்கு நான்காம் நாள் பிற்பகல்! எல்லாரும் ஊருக்குக் கிளம்பப் பையை மூடிக்கொண்டிருக்கும் நேரம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நான் படைவீரரின் மனைவி. அவர் தொலைவில் இருந்த காலத்தில் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் முதல் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வரை எல்லாமே என் கையில்தான். திரும்பி வந்த வாரத்தில் மகன் விளையாடப் போக அனுமதி கேட்டான். அப்பா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவன் அவரைத் தாண்டி அடுப்படிக்கு வந்து என்னிடம் கேட்டான். அவர் எதுவும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். இதை எந்த நோயின் அறிகுறிப் பட்டியலில் தேடுவீர்கள்? நோயே இல்லை இது. ஆனால் இப்படிப்பட்ட ராத்திரிகள் சேர்ந்துதான் குடும்பம் உடைகிறது.

முல்லைத்திணைப் பாட்டில் தலைவன் தேர் ஏறி வந்து சேர்ந்ததும் கதை முடிந்துவிடும். எங்களுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. கேத்லீன் வெஸ்டல் லோகன் 1987-லேயே கடற்படை வீரர்களின் மனைவிகளைக் கவனித்து, பிரிவுக்கு முன்பிருந்து திரும்பி வந்த பின்பு வரை ஏழு கட்டமாக எழுதிவிட்டார். கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் சும்மா சும்மா சண்டை வருமே, அதுவும் அதில் உண்டு. கோபத்தோடு பிரிவது அழுகையோடு பிரிவதைவிடச் சுலபம். இதை யாராவது அப்போதே எனக்குச் சொல்லியிருந்தால், "இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை" என்று உருகியிருக்க மாட்டேன். ஆலோசகர் சொல்ல வேண்டியது சில சமயம் அவ்வளவுதான்: இது பல வீடுகளில் நடப்பது, இந்த நேரத்தில் நடப்பது.

ஏன்_எதற்கு

கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் மருத்துவ உளவியலாளர்.

சிக்னல்காரர் சார் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கமே சாய்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். ஆலோசகருக்குப் படைப்பிரிவின் பெயர் தெரியும், பதவிகள் தெரியும், சின்னங்கள் தெரியும். வருபவருக்கும் அவரைப் பிடித்துப்போகிறது. வருடக்கணக்கில் வாராவாரம் வந்து பேசிவிட்டுப் போகிறார். கெட்ட கனவு மட்டும் அப்படியே இருக்கிறது! சிகிச்சை என்று எதுவும் நடக்கவே இல்லை.

பிடிஎஸ்டிக்கு ஆதாரம் உள்ள சிகிச்சைகள் இருக்கின்றன. எட்னா ஃபோவாவின் ப்ரோலாங்டு எக்ஸ்போஷர் வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். தவிர்த்துவந்த நினைவையும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது. பட்ரிஷியா ரெசிக்கின் காக்னிடிவ் ப்ராசசிங் தெரபி 12 அமர்வுகள். நடந்ததற்கு நாமே கொடுத்துக்கொண்ட விளக்கங்களை எடுத்துப் பரிசோதிப்பது. இரண்டுக்குமே தொடக்கமும் முடிவும் உண்டு. நான்கு நாளில் இரண்டு நாளையாவது இதற்குக் கொடுக்காவிட்டால் அது அறிமுக விழாதான், பயிற்சி இல்லை.

அப்புறம் இன்னொரு பயம். "படைப் பண்பாடு" என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தால் பழைய தப்பபிப்பிராயம் போய்ப் புதிய தப்பபிப்பிராயம் வரும். படையில் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு பிடிஎஸ்டி வருவதில்லை. இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். வருகிறவர் சாதாரண மனச்சோர்வோடு வந்திருக்கலாம், கடன் தொல்லையோடு வந்திருக்கலாம், வேலை கிடைக்காத எரிச்சலோடு வந்திருக்கலாம்.

இரவுப்பணி

மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். இரண்டு பக்கமும் சரிதான் என்று சமாதானம் பேச வரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று நம்பித்தான் இருக்கின்றன என்பதைச் சொல்ல வந்தேன்.

ஏன்_எதற்கு சார் சொன்ன சிகிச்சைகள் வேலை செய்கின்றன. ஆனால் கணிசமானோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பயங்கரமான நினைவை மறுபடி மறுபடி சொல்லச் சொல்கிறீர்கள். உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் அதை யார் செய்வார்கள்? அந்த நம்பிக்கையை முதல் பத்து நிமிடத்தில் தொலைத்துவிட்டு, பன்னிரண்டு அமர்வுக்கான பாடத்தைக் கையில் வைத்திருந்து என்ன பயன்?

அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2014-இல் பொதுச் சமூகத்தில் பணிபுரியும் மனநல ஆலோசகர்களை ஆராய்ந்தது. படை வாழ்க்கை பற்றிய புரிதலும் வேண்டும், ஆதாரமுள்ள சிகிச்சையில் பயிற்சியும் வேண்டும், அதை உண்மையிலேயே பயன்படுத்தவும் வேண்டும் என்று அளவுகோல் வைத்தார்கள். எல்லாவற்றிலும் தேறியவர்கள் 13 சதவீதம். மற்றவர்கள் ஏதாவது ஒன்றிலாவது தேறவில்லை. உங்கள் இருவரின் சண்டையும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

நதிமூலம், உங்கள் வரைவில் எனக்குப் பெரிய குறை வேறு. நான்கு நாளுக்குப் பிறகு என்ன? 2004-இல் வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்களும் ஊக்கமூட்டும் நேர்காணல் (மாற வேண்டும் என்ற விருப்பத்தை வருபவரிடமிருந்தே வரவழைக்கும் ஆலோசனை முறை) பயிற்சியில் இதைச் சோதித்தார்கள். வகுப்புக்கு மட்டும் வந்தவர்களைவிட, வகுப்புக்குப் பிறகு தங்கள் அமர்வின் ஒலிப்பதிவைக் கொடுத்துக் கருத்தும் வழிகாட்டலும் பெற்றவர்களிடம்தான் திறமை நின்றது. வகுப்போடு விட்டால் உற்சாகம் வடிந்ததும் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதனால் வகுப்பை மூன்று நாளாகக் குறைத்தாலும் பரவாயில்லை, பின்னால் ஆறு மாத மேற்பார்வை வைத்துவிடுங்கள்.

கூடாரம்

படை வீட்டில் வளர்ந்த பிள்ளை என்ற தகுதியில் எழுதுகிறேன். முல்லைக்கொடி அக்கா மனைவி பக்கம் சொன்னார், பிள்ளை பக்கம் யாரும் சொல்லவில்லையே.

அப்பா வீட்டுக்குள் நுழையும் செருப்புச் சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி இருப்பார் என்று கணித்துவிடுவேன். தட்டை எப்படி வைக்க வேண்டும், கதவை எப்படிச் சாத்த வேண்டும், பின்பக்கமாகப் போய்க் கூப்பிடக் கூடாது, தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, கால்மாட்டில் நின்று குரல் கொடுக்க வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளியில் "ரொம்ப அடக்கமான பிள்ளை" என்று பாராட்டு வேறு. வருடத்துக்கொரு பள்ளி மாறியதால் அந்த அடக்கத்தைச் சந்தேகப்படும் அளவுக்கு எந்த ஆசிரியருக்கும் என்னைத் தெரியாது.

ஒருமுறை குடும்பமாக ஆலோசனைக்குப் போனபோது, "அப்பா வீட்டில் எப்படி இருக்கிறார்?" என்று அவர் முன்னாலேயே என்னிடம் கேட்டார்கள். என்ன சொல்வேன்? "நன்றாக இருக்கிறார்" என்றேன். பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று பயிற்சியில் ஒரு வரி சேருங்கள். பிள்ளையிடம் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். யாரோடு விளையாடுகிறாய், ராத்திரி தூங்குகிறாயா, பள்ளியில் யாரிடமாவது அப்பா எங்கே இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாயா என்று கேட்டால் போதும்.

பாலின் பாஸ் பற்றியும் சேர்க்கலாம். 1970-களில், தென்கிழக்கு ஆசியப் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர் அவர். ஆள் இல்லை, ஆனால் மனதை விட்டுப் போகவும் இல்லை. இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று இருக்கவும் முடியாது. அதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். அதற்கு மறுபக்கமும் உண்டு என்றார்: ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், மனதால் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது இந்த இரண்டாவது. இழவு விழாத வீட்டில் துக்கம் இருக்கலாம் என்று ஆலோசகருக்குத் தெரிந்திருந்தால் அம்மாவுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

சிக்னல்காரர்

கூடாரம், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன் தம்பி. அந்தச் செருப்புச் சத்தம் என் வீட்டிலும் கேட்டிருக்கும்.

ரகசியம் காப்பது பற்றி ஒன்று சொல்லணும். இன்னும் பணியில் இருப்பவர் உங்கள் முன் உட்கார்ந்தால் அவர் மனதில் ஓடும் முதல் கேள்வி, "இது என் பதிவேட்டில் ஏறுமா?" வாய்விட்டுக் கேட்க மாட்டார். பதவி உயர்வு, ஆயுதம் கையில் வைத்திருக்கும் தகுதி, அடுத்த நியமனம் எல்லாம் அதில் தொங்குகிறது. அப்போது "எல்லாம் ரகசியமாக இருக்கும், கவலைப்படாதீர்கள்" என்று மழுப்பினால் போச்சு. எங்களுக்கு விதி தெரியும். எந்த ரகசியத்துக்கும் எல்லை இருக்கும் என்றும் தெரியும். எது வெளியே போகும், யாரிடம் போகும், எது போகவே போகாது என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறவரைத்தான் நம்புவோம். தான் வேலை பார்க்கும் இடத்தின் விதியை அந்த ஆலோசகர் முதலில் வரி வரியாகப் படித்திருக்க வேண்டும். அப்புறம் அதை இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழக வேண்டும். இதை ரோல்ப்ளேயாகவே வையுங்கள். நான் நோயாளியாக நடித்து ஒவ்வொருவரையும் குடைகிறேன்.

இரவுப்பணி

ஆயுதம் என்றதும் ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் "தற்கொலை அபாயம்" என்று தலைப்பு மட்டும் இருக்கிறது. அதில் புள்ளிவிவரம் காட்டி நேரத்தைப் போக்காதீர்கள். வாயைத் திறந்து கேட்கப் பழக்குங்கள். "சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா?" என்ற கேள்வியை அனுபவமுள்ள ஆலோசகர்களே சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி விதைப்பதில்லை என்பது பலமுறை ஆராயப்பட்ட விஷயம்.

கேட்டபின் செய்ய வேண்டியது பாதுகாப்புத் திட்டம். பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் உருவாக்கியது. ஒற்றைத் தாளில் அவரே தன் கையால் எழுத வேண்டும். எண்ணம் தலைதூக்குவதற்கு முன் என்ன அறிகுறி தெரியும், தனியாக என்ன செய்து சமாளிக்கலாம், யாரோடு போய் உட்கார்ந்தால் மனம் மாறும், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை அழைப்பது, வீட்டில் ஆபத்தான பொருளை எப்படித் தள்ளி வைப்பது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தத் திட்டத்தை எழுதவைத்து, வீட்டுக்குப் போனபின் தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் 45 சதவீதம் குறைவாக இருந்தன.

அந்தக் கடைசிப் படிதான் படைவீரர்களிடம் கடினம். துப்பாக்கி பழகிய கை. "அதைக் கொடுத்துவிடுங்கள்" என்றால் அவமானமாக எடுத்துக்கொள்வார். "இந்தக் கொஞ்ச காலத்துக்குச் சாவி யாரிடம் இருந்தால் உங்களுக்கு நிம்மதி?" என்று கேட்டால் பேச்சு நகரும். அந்த எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கும் ஆயுதத்துக்கும் நடுவே தூரம் இருந்தால் போதும். சாவியை வாங்கி வைத்துக்கொள்பவர் பெரும்பாலும் மனைவியோ அண்ணன் தம்பியோதான். அவர்களையும் அறைக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு நினைவூட்டல் மட்டும்: படிப்பவர்களில் யாருக்காவது இப்போதே உயிருக்கு ஆபத்தான எண்ணம் இருந்தால் இங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ பக்கத்து மருத்துவமனையையோ உடனே அணுகுங்கள். கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

நதிமூலம்

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வருகிறேன். ஒரு கேள்வி. மனச்சாட்சிக் காயம் (தன் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது நடந்ததால் உள்ளே நிற்கும் நோவு) என்று இப்போது நிறையப் பேசப்படுகிறதே, அதைத் தனி வகுப்பாக வைக்கலாமா, பிடிஎஸ்டிக்குள்ளேயே அடக்கிவிடலாமா?

ஏன்_எதற்கு

தனியாகவே வையுங்கள். இதில் நான் சிக்னல்காரர் சார் கட்சி.

வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்களோடு பணிபுரிந்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே இதைப் பற்றிப் பேசியபோது, மேலிருப்பவர் செய்த துரோகத்துக்கு அழுத்தம் கொடுத்தார். 2009-இல் பிரெட் லிட்ஸும் சக ஆய்வாளர்களும் அதை விரித்து, தானே செய்தது, தடுக்க முடியாமல் போனது, கண்ணால் கண்டது எல்லாவற்றையும் சேர்த்தார்கள். பயம் ஒரு வகை நோவு, குற்ற உணர்ச்சி வேறு வகை. பயந்தவருக்கு இப்போது ஆபத்து இல்லை என்று உடம்புக்குப் புரியவைக்கலாம். "நான் இனி மனுஷனே இல்லை" என்று நினைப்பவருக்கு அது எப்படிப் போதும்?

இதில் ஆலோசகர்கள் விழும் குழி ஒன்றுதான். அவசரப்பட்டு மன்னிப்பு வழங்கிவிடுவார்கள். ரோல்ப்ளேயில் அடிக்கடி பார்ப்பது:

"அந்த வண்டியை முன்னால் அனுப்பச் சொன்னது நான்தான்."

"உங்களுக்கு அப்போது தெரிந்ததை வைத்துத்தானே சொன்னீர்கள்? உங்கள் தப்பு இல்லை."

அதோடு பேச்சு நின்றுவிடும். சொன்னவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு வானிலை பற்றிப் பேசுவார். அதற்குப் பதில், "அந்த வண்டியில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர்கள் வரும். பெயர்கள் வந்தபின், அன்று காலை உங்களுக்கு என்ன தகவல் வந்திருந்தது, வேறு என்ன வழி இருந்தது, அந்த வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெதுவாகக் கேட்கலாம். முடிவுக்கு அவர்தான் வர வேண்டும். சில சமயம் உண்மையிலேயே தப்பு நடந்திருக்கும். அப்போது அதை இல்லை என்று சொல்வது பொய். அதோடு எப்படி வாழ்வது, யாருக்கு என்ன ஈடு செய்வது என்ற பேச்சுக்குத்தான் போக வேண்டும்.

சிக்னல்காரர்

"யார் இருந்தார்கள்?" என்ற கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. நல்ல கேள்வி.

முல்லைக்கொடி

எல்லாம் சரி. யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். வீட்டில் அடி விழுந்தால்?

"அவருக்கு நோய், நீங்கள்தான் பொறுத்துப்போக வேண்டும்" என்று எனக்குத் தெரிந்த பெண்ணிடம் ஓர் ஆலோசகர் சொன்னார். அவர் போரில் பட்டது உண்மை, இவள் வீட்டில் பட்டதும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கக் கூடாது. மனைவியைத் தனியாக உட்காரவைத்து, "வீட்டில் பயமாக இருக்கிறதா? கை ஓங்கியிருக்கிறாரா?" என்று கேட்கும் வழக்கம் எல்லா வழக்குக்கும் வேண்டும். சந்தேகம் வந்தால் மட்டும் கேட்பது என்று வைத்தால் கேட்கவே மாட்டார்கள். இது தலைகீழாகவும் நடக்கும். படையில் இருப்பவள் மனைவியாகவும், வீட்டில் இருப்பவர் கணவராகவும் இருக்கலாம். அந்தக் கணவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லை.

இரவுப்பணி

ரொம்ப முக்கியம் முல்லைக்கொடி. கடுமையான வன்முறை இருக்கும் இடத்தில் தம்பதியர் சிகிச்சை கூடவே கூடாது. உள்ளே சொன்னதற்கு வீட்டில் போய் விலை கொடுக்க வேண்டிவரும்.

அது இல்லாத வீடுகளில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கேண்டிஸ் மான்சனும் ஸ்டெஃபனி ஃப்ரெட்மனும் உருவாக்கிய தம்பதியர் சிகிச்சை 15 அமர்வுகள். 2012-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த சோதனையில் பிடிஎஸ்டி அறிகுறியும் குறைந்தது, உறவும் மேம்பட்டது. அதில் எனக்குப் பிடித்த பகுதி, குடும்பம் நோய்க்கு இடம்விட்டுக் கொடுத்துக்கொண்டே போவதைக் கவனிப்பது. கூட்டம் என்றால் அவருக்கு ஆகாது, அதனால் கடைக்கு இவளே போகிறாள். தொலைபேசியை இவளே எடுக்கிறாள். கல்யாண வீட்டில் சுவரோரம் கதவைப் பார்த்த இருக்கையை இவளே முன்னாடி போய்ப் பிடித்து வைக்கிறாள். எல்லாமே அன்பில் செய்வது. ஆனால் அவருடைய உலகம் மாதாமாதம் சுருங்குகிறது, இவளுடையதும் கூடவே சுருங்குகிறது. இதை விமர்சனமாகச் சொன்னால் அந்தப் பெண் உடைந்துபோவாள். "இத்தனையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்களா? இதில் எதை முதலில் இருவருமாகச் செய்து பார்க்கலாம்?" என்று கேட்கத் தெரிய வேண்டும்.

முல்லைக்கொடி

சிஸ்டர், கல்யாண வீட்டு இருக்கை! எங்கள் வீட்டில் எட்டிப் பார்த்தீர்களா?

முதல்வருடம்

இப்போதுதான் ஆலோசகர் வேலைக்கு வந்திருக்கிறேன். இப்படியொரு பயிற்சி நடந்தால் வருவேன். ஆனால் இழையைப் படித்ததும் ஒரு தயக்கம். எங்கள் குடும்பத்தில் யாரும் படையில் இல்லை. "உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டால் என்ன சொல்வது? முன்னாள் வீரர்களையே ஆலோசகர்களாக்கினால் போதாதா? அப்புறம், இவ்வளவும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியுமா?

சிக்னல்காரர்

கேட்பார்கள் தம்பி, கட்டாயம் கேட்பார்கள். "எனக்குத் தெரியாது, நீங்கள் சொன்னால் தெரிந்துகொள்வேன்" என்று சொல்லுங்கள். நடிக்காத வரை பிரச்சினை இல்லை. ரெண்டு படம் பார்த்துவிட்டு எங்கள் பாஷையைப் பேச முயலும் ஆலோசகரைவிட, ஒன்றும் தெரியாமல் காது கொடுப்பவர் ஆயிரம் மடங்கு மேல்.

சக வீரர் உதவி நல்லதுதான். அமெரிக்காவில் 1979-இல் வெட் சென்டர்கள் (முன்னாள் வீரர்களுக்கான ஆலோசனை மையங்கள்) தொடங்கியதே, மருத்துவமனை வாசலை மிதிக்க மறுத்த வியட்நாம் வீரர்களுக்காகத்தான். அங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் முன்னாள் வீரர்கள். கதவைத் தாண்டி உள்ளே வரவைக்க எங்களால் முடியும். ஆனால் எங்களிடம் ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் பாதி சொல்லும்போதே "எனக்கும் இப்படித்தான்" என்று நம் கதையை ஆரம்பித்துவிடுவோம். இல்லாவிட்டால் "நான் பார்த்ததில் இது பாதிகூட இல்லை" என்று மனதுக்குள் எடை போடுவோம். எங்களுக்கும் பயிற்சி வேண்டும், வாயை மூடிக்கொள்ளும் பயிற்சி. மனைவி பிள்ளைகள் என்று வந்தால் நாங்கள் சக வீரரின் பக்கமே சாய்வோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரவுப்பணி

தூக்கம் பற்றிக் கேட்டதற்கு: சிலருக்கு வராது. கேட்டவரின் கனவிலும் அந்தக் காட்சி வரும். பலவீனம் என்று யாரும் நினைக்க வேண்டாம், இந்த வேலையில் இருக்கும் ஆபத்து அது. தியான வகுப்பு ஒன்றை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நிறுவனங்கள் நினைத்துக்கொள்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை கனமான வழக்குகள் என்று வரம்பு வைப்பதும், மேற்பார்வையாளர் வாராவாரம் உட்கார்ந்து கேட்பதும்தான் உருப்படியான காவல்.

கூடவே ஒன்று. கொடூரமான சம்பவம் நடந்ததும் எல்லாரையும் கட்டாயமாக ஒரே தடவை உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது பிடிஎஸ்டியைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று காக்ரேன் மதிப்பாய்வு (பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அறிக்கை) எப்போதோ சொல்லிவிட்டது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஊருக்குப் போய் நல்லெண்ணத்தில் அதையே ஆரம்பித்துவிடப் போகிறார்கள்.

நதிமூலம்

சரி, மாற்றிய வரைவு. வரலாறு ஒரு மணி நேரத்துக்குச் சுருங்குகிறது. முதல் நாள் காலையிலேயே குடும்பம்: பிரிவு, திரும்பி வருதல், பிள்ளைகள், தெளிவற்ற இழப்பு, வீட்டில் பயம் இருக்கிறதா என்று தனியாகக் கேட்பது. பிற்பகல் முதல் சந்திப்பும் ரகசிய விதிகளும், முழுக்க ரோல்ப்ளே. இரண்டாம் நாள் நோயறிதலும் ஆதாரமுள்ள சிகிச்சைகளும். இரண்டையும் முழுதாகக் கற்றுத்தர நான்கு நாள் போதாது, அதனால் யாரை எப்போது அந்தச் சிகிச்சைக்கு அனுப்புவது என்பதாவது தெளிவாகட்டும். விரும்புகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி பிறகு. மூன்றாம் நாள் பாதுகாப்புத் திட்டம், குடி, மனச்சாட்சிக் காயம். நான்காம் நாளை எடுத்துவிட்டேன். அந்தச் செலவும் நேரமும் ஆறு மாத மேற்பார்வைக்குப் போகிறது. தூக்கம், தலைக்காயம், வலி மூன்றும் அந்த மேற்பார்வைக் கூட்டங்களில் வழக்கோடு சேர்த்து வரும்.

ஒலிப்பதிவுக்குப் படையில் இருப்பவர்கள் சம்மதிப்பார்களா என்பதுதான் இடிக்கிறது.

சிக்னல்காரர்

பணியில் இருப்பவர் சம்மதிக்க மாட்டார், கேட்கவே கேட்காதீர்கள். கேட்ட மாத்திரத்திலேயே அவர் போய்விடுவார். ஓய்வுபெற்றவர்களில் சிலர் சம்மதிக்கலாம். மற்றபடி ரோல்ப்ளேயைப் பதிவு செய்யுங்கள். நடிக்க நான் வருகிறேன், இன்னும் சில பேரையும் கூட்டி வருகிறேன்.

முல்லைக்கொடி

மனைவி வேஷத்துக்கு நான் வருகிறேன் அண்ணா. ஆனால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வாங்க அந்த ஆலோசகர் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஏன்_எதற்கு

கடைசியில் வழக்கம்போலக் கருத்துப் படிவம் கொடுத்து, "பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று டிக் வாங்கிக்கொண்டு முடித்துவிடாதீர்கள். பயிற்சிக்கு முந்தைய ஆறு மாதத்தையும் பிந்தைய ஆறு மாதத்தையும் எடுத்து, படை வீட்டிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள் என்று எண்ணுங்கள்.

இரவுப்பணி

வராதவர்களையும் போன் போட்டுக் கேளுங்கள். சிலர் இடமாற்றத்தில் போயிருப்பார்கள், அதைத் தோல்விக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புது ஊரில் யாரைப் பார்ப்பது என்று சொல்லி அனுப்பினோமா என்பதையும் அதே தாளில் ஒரு கட்டமாகப் போட்டுவிடுங்கள்.

நதிமூலம்

இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். படிவத்தின் வரைவைத் தயார் செய்து இதே இழையில் போடுகிறேன். கூடாரம், பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகள் பகுதியை நீங்கள் எழுதித் தர முடியுமா?

கூடாரம்

எழுதுகிறேன். அம்மாவிடமும் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புகிறேன்.